அக்காவிடம் மறைத்துவிட்டு எடுக்கிற முடிவு

சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய்மாமன் எழுதியிருக்கிறார். வயது 31, திருமங்கலத்தில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்கா மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு பிள்ளைக்கு ஒரு கண் உள்பக்கமாகத் திரும்பியது. எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கண் டாக்டரிடம் காட்டினார்கள். அதற்குள் நடை தள்ளாட ஆரம்பித்தது, சாப்பிடும்போது சோறு வாயோரம் வழிந்தது. கண் டாக்டர் உடனே தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளைத்தண்டில் கட்டி. மதுரையில் பார்த்த புற்றுநோய் மருத்துவர் அப்பாவையும் மாமனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, இதை ஆபரேஷன் செய்து எடுக்க முடியாது, ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதங்கள் நன்றாக இருப்பாள், முழுசாகக் குணமாவதை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். "கைவிரித்துவிட்டார்" என்று எழுதுகிறார் மாமன்.

வீட்டில் இப்போது ஆளுக்கொரு பேச்சு. பச்சப்பிள்ளை தலையில் கரண்ட் வைக்க விடமாட்டேன், நாட்டு மருந்து கொடுப்போம் என்கிறார் தாத்தா. கதிர்வீச்சைத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். 70 சென்ட் வெற்றிலைக் கொடிக்காலை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போவோம் என்கிறார் மச்சான். போனில் யாரோ ஒருவர் 14 லட்சம் ஆகும், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கோ விஷயமே தெரியாது. "சின்னக் கட்டிதான், மருந்துலயே கரைஞ்சிரும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மச்சான் இவரிடம், "நீதான்டா மாமன். நீ சொல்ற எடத்துல வைத்தியம் பாப்போம். கையெழுத்தையும் நீயே போட்டுரு" என்கிறாராம். கடிதத்தின் கடைசி வரி இது: "காது குத்தும்போது என் மடியிலதான் உக்காந்திருந்தா டாக்டர். இப்ப அவ உசுருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் வந்த பிள்ளைகளோடு போன காலம். உங்களைப் போல வார்டுக்கு வெளியே சட்டைப் பையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்ற மாமன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். நடுவில் ஓர் இடத்தில் உங்களோடு மாறுபடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கைவிரிக்கவில்லை

நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறிகளும் ரிப்போர்ட்டும் சொல்வது, மூளைத்தண்டின் 'பான்ஸ்' என்ற பகுதியில் பரவி வளரும் ஒரு கட்டியை. கண் அசைவு, முகம், விழுங்குதல், நடை, மூச்சு எல்லாவற்றுக்கும் போகிற நரம்புகள் கட்டைவிரல் கனம் உள்ள அந்த இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. கட்டி அவற்றுக்குப் பக்கத்தில் தனி உருண்டையாக உட்காரவில்லை. மணலில் தண்ணீர் இறங்கியது போல உள்ளேயே கலந்திருக்கிறது. கட்டியை மட்டும் தனியாக வெட்டி எடுக்க எந்த ஊர் சர்ஜனாலும் ஆகாது. போனில் 14 லட்சம் கேட்டவர் பிள்ளையைப் பார்க்காமலே, எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்க்காமலே எடுத்துவிடலாம் என்றாரே, அது ஒன்றே போதும், அவரை நம்ப வேண்டாம் என்பதற்கு. சில இடங்களில் ஊசி நுழைத்துச் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அது கட்டியின் வகையைத் தெரிந்துகொள்ள. கட்டியை எடுப்பதற்கு அல்ல.

இந்த நோயில் கதிர்வீச்சு கொடுத்த பிறகும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் இருக்கிறார்கள். இரண்டு வருடத்தைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில். எழுதும்போதே எனக்குக் கை கனக்கிறது. ஆனாலும் உங்கள் டாக்டர் முதல் நாளே இதைச் சொன்னது நல்ல காரியம் என்பேன். புற்றுநோயில் இறந்த குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. பிள்ளை பிழைக்காது என்று டாக்டர்களுக்குச் சராசரியாக 206 நாள் முன்பே புரிந்திருந்தது. பெற்றோருக்கு அது 106 நாள் முன்புதான் புரிந்தது. நடுவில் நூறு நாள். அந்த நூறு நாள் உங்கள் கையில் இருக்கிறது தம்பி.

கரண்ட் வைப்பது பற்றி

தாத்தாவின் பயம் நியாயமானது. ஒரு காலத்தில் கரண்ட் வைத்த இடத்தில் தோல் கருகிப் போனதை அவர் பார்த்திருக்கலாம். அவரை அதட்டாமல், இதைச் சொல்லுங்கள். கதிர்வீச்சு என்பது எக்ஸ்ரே மாதிரி. மேஜையில் படுத்திருக்கும்போது வலிக்காது, சுடாது. ஒரு தடவைக்குச் சில நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் முப்பது தடவை கொடுப்பது வழக்கம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடை தேறுகிறது, விழுங்குவது எளிதாகிறது, சிரிப்பு நேராகிறது. சில மாதம் கழித்துக் கட்டி திரும்ப வளரும். ஆனால் அந்த நடுவில் கிடைக்கிற காலம் நிஜமானது. சோழவந்தானிலிருந்து ஆறு வாரம் தினமும் வந்து போவது கஷ்டம் என்றால், 13 தடவையில் முடிக்கிற முறை உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிள்ளை பயப்படுவது அந்த முகமூடிக்குத்தான். தலை அசையாமல் இருக்க அவள் முக அளவுக்கு ஒன்று செய்வார்கள். வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் வலை துணி மாதிரி தொளதொளவென்று வரும். இளஞ்சூட்டோடு முகத்தில் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். சில நிமிடத்தில் ஆறி, இறுகி, அவள் மூக்கும் தாடையும் அப்படியே அதில் பதிந்துவிடும். முதல் நாளைக்கு முன்பே டெக்னீஷியனிடம் கேட்டு அதைப் பிள்ளை கையில் கொடுத்துப் பழக்குங்கள். ஒரு பையன் அதில் மீசை வரைந்துகொண்டு தினமும் தானே ஏறிப் படுத்தான். எட்டு வயதுப் பிள்ளைகள் பலர் மயக்க மருந்து இல்லாமலே அசையாமல் படுத்துவிடுவார்கள்.

கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முகம் பூரி மாதிரி உப்பும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பரோட்டா கேட்பாள். கொடுக்காவிட்டால் கத்துவாள். பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒரு பாட்டி என்னிடம் அழுதார். அது மருந்தின் வேலை. பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

நாட்டு மருந்து வேண்டாம் என்று வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள். திருநீறு பூசட்டும், அழகர்கோயிலுக்கு நேர்ந்துகொள்ளட்டும். ஆனால் வாய்வழியாகக் கொடுக்கிற எதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். விழுங்கவே சிரமப்படுகிற பிள்ளைக்குக் கஷாயம் புரையேறினால் நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே தாத்தா, ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற அந்த வகையில், இரண்டு மூன்று வருட மருந்தை முழுசாக முடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்து வளர்ந்துவிடுகிறார்கள். அங்கே நான் தாத்தாவோடு வாசலில் நின்று சண்டை போட்டிருப்பேன். குணமாகிற நோயில் வைத்தியத்தைக் கைவிடுவது ஒரு விஷயம். குணமாகாத நோயில் எந்த வைத்தியம் போதும் என்று யோசிப்பது முற்றிலும் வேறு விஷயம். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கொடிக்கால்

விற்க வேண்டாம். குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம்.

இன்னொரு டாக்டரின் கருத்து கேட்பது அவசியம், அதில் சந்தேகமே இல்லை. மூளைத்தண்டுக் கட்டிகளில் மெதுவாக வளர்கிற, நல்லபடியாகத் தேறுகிற வகைகளும் உண்டு. ஆனால் அதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. முதலில் எம்.ஆர்.ஐ. சி.டி.யும் ரிப்போர்ட்டும் போய் வரட்டும். ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவேடுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. குழந்தைகள் மூளைக்கட்டி பார்த்துப் பழகிய பெரிய மையத்தில் காட்டிக் கேளுங்கள். அவர்களும் இதையே சொன்னால், மதுரையில் கிடைக்கிற கதிர்வீச்சைத்தான் சென்னையிலும் கொடுப்பார்கள். நேரில் போகத்தான் வேண்டும் என்றால், புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போக ஸ்லீப்பர் வகுப்பில் ரயில் கட்டணம் முழுசாக இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவம் கேளுங்கள்.

மதுரை பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. தனியாரில்தான் பார்ப்போம் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். இது நீங்கள் தனியாகவே செய்து முடிக்கக்கூடிய வேலை. வாட்ஸ்அப்பில் அமெரிக்க மாத்திரை என்று ஒன்று வந்தால் பதறாதீர்கள். இந்த வகைக் கட்டிகளில் சிலவற்றுக்கு, நோய் திரும்ப வளர்ந்த பிறகு கொடுக்க, 2025-இல் அங்கே ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அது சிலருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. குணமாக்கும் மருந்து இல்லை.

மச்சான் விற்கத் துடிப்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கொடிக்கால் அப்படியே இருந்து பிள்ளை போய்விட்டால், "காசுக்குப் பாத்துட்டாங்கய்யா" என்று டீக்கடையில் ஒருவன் சொல்லிவிடுவானோ என்ற பயம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வீட்டையே விற்றவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை போன பிறகு கடன்காரன் வாசலுக்கு வருகிறபோது அந்த டீக்கடைக்காரர்கள் யாரும் கூட நிற்கவில்லை. மச்சானிடம் இதைச் சொல்ல உரிமையுள்ள ஆள் நீங்கள்தான். "வித்தா பொழைப்பான்னா நாளைக்கே விப்போம் மச்சான், நானும் கடையை விக்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் அதை உண்மையாகச் சொல்வது அவருக்குத் தெரியும். அப்புறம்தான் மற்றதை அவர் காதில் வாங்குவார்.

அக்காவுக்குத் தெரிய வேண்டும்

மாறுபடுவேன் என்று சொன்ன இடம் இது.

அக்கா தாங்கமாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு அப்பா இதையே சொல்லி என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். அந்தத் தாய் கேட்டபோதெல்லாம் "பார்ப்போம்மா, மருந்து வேலை செய்யட்டும்" என்றேன். பையன் இறந்து இரண்டு மாதம் கழித்து அந்தத் தாய் ஆஸ்பத்திரிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திட்டவில்லை. "தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் காலையில அவனை ரத்தம் எடுக்கிற ரூமுக்கு அனுப்பியிருக்க மாட்டேனே டாக்டர். மடியிலயே வச்சிருந்திருப்பேனே" என்றார். நான் செய்தது தவறு. அதற்குப் பிறகு எந்த அப்பா கேட்டும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

உங்கள் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். வாயோரம் வழிகிற சோற்றை மூன்று வேளையும் துடைக்கிறவர் அவர்தானே. என் அனுபவத்தில் தாய்மார்கள் பாதியை ஊகித்துவிடுகிறார்கள். மீதியைக் கேட்க ஆளில்லாமல் ராத்திரியில் தனியாக அழுகிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. சிறு குழந்தைக்கான சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியவர் பாதுகாவலர், அதாவது பெற்றோர். அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே சொல்லிவிட்டது. பெற்றோர் இருவரும் உயிரோடு, பக்கத்தில் இருக்கும்போது தாய்மாமன் கையெழுத்துக்கு இடமில்லை. நம் ஊர் வழக்கத்தில் சீர் முதல் பந்தக்கால் வரை மாமன் கை முன்னால் நிற்கிறது, வாஸ்தவம். அந்த வழக்கத்தை வைத்து மச்சான் இந்தப் பாரத்தையும் உங்கள் தலையில் ஏற்றுகிறார். தனியாகச் சுமக்க முடியாமல்தான் ஏற்றுகிறார். கோபப்பட வேண்டாம், ஆனால் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏதாவது நடந்தால், நாளைக்கு அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தக் காகிதம் நிற்கும்.

எப்படிச் சொல்வது? வீட்டில் அடுப்படியில் வைத்து நீங்கள் சொல்லாதீர்கள். டாக்டர் சொல்லட்டும், மச்சான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். முன்கூட்டியே டாக்டரிடம், "அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அரை மணி நேரம் வேண்டும்" என்று கேட்டு நேரம் வாங்குங்கள். பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது. அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கதிர்வீச்சை ரொம்பத் தள்ளிப்போட முடியாது, ஆனால் இரண்டு நாள் யோசிக்க எப்போதும் இடம் உண்டு.

அந்த அறையில் அக்காவும் மச்சானும் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி, "எந்த மருந்து" என்பதைவிட, "அவளுக்கு அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும்?" என்பது. வைத்தியம் செய்தால் எப்படி, செய்யாவிட்டால் எப்படி, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், வீட்டில் எத்தனை நாள். இதற்குக் கிடைக்கிற பதிலில் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பாப்பா கேட்ட கேள்வி

"மாமா, நான் மறுபடி ஸ்கூலுக்குப் போவேனா?" என்று கேட்டாள், நான் வெளியே போய்விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை எழுந்து போகாதீர்கள். இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலே நல்ல பதிலாக இருக்கிறது: "கரண்ட் வைக்கிற வரைக்கும் லீவு. அப்புறம் உனக்கு நடக்க முடிஞ்சா போகலாம், நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்." கதிர்வீச்சு முடிந்து நன்றாக இருக்கிற மாதங்களில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். டீச்சரிடம் இப்போதே பேசி வையுங்கள். பரீட்சை எழுத வேண்டாம், சிநேகிதிகள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இன்னும் கடினமான கேள்வி ஒருநாள் வரும். அப்போது "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை மூடிவிடாதீர்கள். "ஏண்டா கேக்குற, எதை நெனச்சுப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். அவள் கேட்பது பெரும்பாலும் நாம் பயப்படுகிற கேள்வியாக இருக்காது. ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார்கள், ஊசி வலிக்குமா என்பதாக இருக்கும். புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் ஸ்வீடனில் ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். நம் ஊர் வேறு, ஸ்வீடன் வேறுதான். ஆனால் வார்டில் நான் பார்த்ததும் இதுதான்.

பின்னால் வரப்போவது

இதை இன்று நீங்கள் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டி திரும்ப வளரும்போது விழுங்குவது, பேசுவது, கடைசியில் மூச்சு, ஒவ்வொன்றாகச் சிரமமாகும். நள்ளிரவில் ஐ.சி.யு. வாசலில் ஒரு ஜூனியர் டாக்டர் "வென்டிலேட்டர் வைக்கலாமா?" என்று கேட்கிற நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. அந்த மெஷின் மூச்சைத் தள்ளும், கட்டியை ஒன்றும் செய்யாது. வைத்த பிறகு எடுக்க வேண்டுமென்றால், உச்ச நீதிமன்றம் 2018-இல் வகுத்து 2023-இல் எளிதாக்கிய வழிமுறைப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அதனால் பிள்ளை நன்றாக நடமாடுகிற மாதத்திலேயே பெற்றோரும் டாக்டரும் உட்கார்ந்து, எது வரை போவது, எங்கே நிறுத்துவது என்று பேசி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வலி நிவாரண மருத்துவரை இப்போதே, கதிர்வீச்சோடு சேர்த்தே பாருங்கள். கடைசி வாரத்துக்கான ஆள் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மார்ஃபின் என்ற வலி மருந்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் சரியான அளவில் கொடுத்தால் பிள்ளை அடிமையாகாது, உயிரும் சீக்கிரம் போகாது, நிம்மதியாகத் தூங்கும். வீட்டுக்கே வந்து பார்க்க, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியரிடம் இப்போதே பெயரைப் பதிந்து வையுங்கள்.

"உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் கேட்பார்கள், நானும் சொல்லிவிடுவது வழக்கம். நான் கதிர்வீச்சு கொடுப்பேன். நிலத்தை விற்க மாட்டேன். வென்டிலேட்டர் வைக்க மாட்டேன், கடைசியில் வீட்டில் வைத்துக்கொள்வேன். உங்கள் அக்காவும் மச்சானும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறு மாதிரி முடிவெடுத்தால், கதிர்வீச்சே வேண்டாம் என்று சொன்னால்கூட, அவர்களைத் தப்பான பெற்றோர் என்று நான் நினைக்க மாட்டேன். நீங்களும் நினைக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அக்காவும் மச்சானும் ஒன்றாக உள்ளே போகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் பாப்பாவோடு உட்கார்ந்திருங்கள். அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள், கெட்டியாக இல்லாததாகப் பார்த்து, சின்னச் சின்ன வாயாக. கதவு திறந்து அக்கா அழுதுகொண்டே வந்தால், "அம்மா ஏன் மாமா அழுறாங்க?" என்று கேட்பாள். "உனக்கு உடம்பு சரியில்லைன்னு அம்மாவுக்குக் கவலையா இருக்கும்மா" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளை அக்கா மடியில் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.